கையை எடுங்க, அண்ணா

இது நடந்தது. எனக்கே நடந்தது. யாரோ யாருக்கோ நடந்ததாகச் சொன்னதை நான் கேட்டேன் என்றெல்லாம் சுற்றி வளைக்கப் போவதில்லை. 'நாள் முழுக்க இருட்டறையில் உட்கார்ந்திருந்தால் மூளை குழம்பத்தான் செய்யும்' என்று சொல்ல நினைப்பவர்கள் இப்போதே சொல்லிவிடுங்கள். என் கணவரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். வீடியோவைப் போட்டுக் காட்டினேன். அதன் பிறகு அவர் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

இத்தனைக்கும் இது நள்ளிரவில் நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. ஆனால் எங்கள் அறைக்குப் பகல் கிடையாது.

ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் லேசர் மைக்ரோஸ்கோப்பை இயக்குவது என் வேலை. பள்ளிக்கூடத்தில் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்போமே, அந்த மைக்ரோஸ்கோப் இல்லை. இதில் ஊசிமுனையைவிடச் சிறிய லேசர் புள்ளி ஒன்று, பார்க்க வேண்டிய பொருளின் மேல் வரிவரியாக ஓடும். வீடு கூட்டுவது போல ஒரு மூலை விடாமல் ஓடும். அதை ஓட்டுவது ஒரு குட்டிக் கண்ணாடி. நொடிக்குப் பல ஆயிரம் தடவை அதிரும். அதிரும்போது 'ஙீ...' என்று காதோரம் கொசு வந்த மாதிரி ஒரு சத்தம். நொடிக்கு நூற்றுக்கணக்கில் படங்கள் வந்து விழும். கண்ணை மூடித் திறப்பதற்குள் நடந்து முடிகிற எதையும் பிடித்து வைத்து, பிறகு நிதானமாக ஓட்டிப் பார்க்கலாம்.

அன்று நான் பிடிக்க வேண்டியது ஒரு மீன் குஞ்சின் இதயம். அரிசிமணியைவிடச் சிறிய குஞ்சு. உடம்பு கண்ணாடி மாதிரி. உயிரோடு இருக்கும்போதே உள்ளே இதயம் துடிப்பது தெரியும். அதன் வால்வு முதல் முறையாகச் சரியாக மூடித் திறக்கிற நாள் ஒன்று உண்டு. அந்த நாளை விட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நமக்கு ஞாயிற்றுக்கிழமை என்பதெல்லாம் மீன் குஞ்சுக்குத் தெரியாது.

அந்த அறைக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. அவற்றைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

முதலாவது, கதவு. எங்கள் கருவியின் 'கண்' மிக மெல்லிய வெளிச்சத்தைக்கூட உணரும். அது வேலை செய்யும்போது வெளிச்சம் பட்டால் கருகிவிடும். அதனால் வெளியே சிவப்பு விளக்கு எரிந்தால் யாரும் கதவைத் திறக்கக் கூடாது, தட்ட வேண்டும். ஆளுக்கு ஒரு தட்டு. உள்ளே இருப்பவர் "இருங்க" என்று சொல்லிவிட்டுக் கருவியின் கண்ணை மூடுவார். பிறகு "வாங்க" என்பார். எத்தனை தட்டோ அத்தனை பேரும் உள்ளே வந்து கதவுக்கு உட்புறம் தொங்கும் கறுப்புத் திரைச்சீலையை மூடிய பிறகுதான் கண்ணைத் திறப்பார். ஒரு தடவை, தட்டியது இரண்டு பேர் என்பதை மறந்து, முதல் ஆள் வந்ததுமே ஒருவர் கண்ணைத் திறந்துவிட்டார். பின்னாலேயே இரண்டாவது ஆள் வெளிச்சத்தோடு வந்து நின்றார். அன்றிலிருந்து தட்டு எண்ணுவது எங்கள் எல்லோருக்கும் ரத்தத்தில் ஊறிப்போன பழக்கம்.

இரண்டாவது, மேசை. மைக்ரோஸ்கோப் இருக்கும் மேசை காற்றுத் தாங்கிகளின் மேல் மிதக்கிறது. அதன் மேல் யாரும் கை வைக்கக் கூடாது. வைத்தால், அவ்வளவு பெரிதாக்கிய படத்தில் உங்கள் நாடித் துடிப்பே தெரியும். ஒவ்வொரு துடிப்புக்கும் படம் ஒரு துளி நகரும். எவ்வளவு நகர்ந்தது என்று காட்ட, கம்ப்யூட்டர் திரையின் அடியில் ஒரு பச்சைக் கோடு ஓடிக்கொண்டே இருக்கும். எதிர்ப்பக்கம் நின்று கை வைத்தால் கோடு மேலே எம்பும். நான் உட்கார்ந்திருக்கும் பக்கத்திலிருந்து வைத்தால் கீழே இறங்கும். யாரும் தொடாவிட்டால் நேர்கோடுதான்.

இந்தச் சட்டத்தைத் தினமும் மீறிய ஆள் ஒருவர் உண்டு. எங்கள் கருவிகளைப் பராமரிக்கும் இன்ஜினீயர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு திருப்புளி இருக்கும். அதனால் பெயரே திருப்புளி அண்ணா என்றாகிவிட்டது. நான் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து எனக்கு அவர் கூடப்பிறந்த அண்ணன் மாதிரி. நான் படம் எடுக்கும்போது எதிர்ப்பக்கம் வந்து நின்று, ஏதாவது கதை பேசிக்கொண்டே மேசையில் இரண்டு கைகளையும் ஊன்றிவிடுவார். நான் திரையிலிருந்து தலையைத் திருப்பக்கூட மாட்டேன்.

"கையை எடுங்க, அண்ணா."

"எடுத்தாச்சு."

ஆறு வருஷமாக இதே இரண்டு வசனம்தான்.

அவர்தான் என்று எனக்குப் பார்க்காமலேயே தெரியும். அவர் நாடி அப்படி. மூன்று துடிப்பு ஒழுங்காக வரும். நாலாவது வராது. மறுபடி மூன்று. "நாலாவது பஸ் இன்னிக்கும் லேட்டா?" என்று நான் கிண்டல் செய்வேன். "டிரைவர் டீ குடிக்கப் போயிருக்கார்" என்பார். டாக்டரிடம் போகச் சொல்லி அண்ணியும் நானும் நச்சரித்தோம். அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார்.

வெள்ளிக்கிழமை மாடிப்படியில் விழுந்துவிட்டார்.

ஐ.சி.யூ.வில் படுக்க வைத்தார்கள். நினைவு இல்லை. சனிக்கிழமை முழுக்க நான் அண்ணியோடுதான் இருந்தேன். அவர்களுக்கு ஒரே மகள், ஒன்பது வயது. பெஞ்சில் என் மடியில் தலை வைத்துத் தூங்கினாள். திங்கட்கிழமை காலையைத் தாண்டிவிட்டால் பிழைத்துக்கொள்வார் என்று டாக்டர் சொன்னார். நான் கும்பிடாத சாமி இல்லை. ஞாயிற்றுக்கிழமை அண்ணிதான் என்னைத் துரத்திவிட்டாள்.

"நீ இங்க உக்காந்து என்ன பண்ணப் போற? அவரே எழுந்து வந்து அந்த மீனைக் கேட்பார். போய் எடுத்துட்டு வா."

போனேன்.

கட்டடத்தில் யாரும் இல்லை. வாசலில் காவலாளி மட்டும். செல்போனை வழக்கம் போல அறைக்கு வெளியே இருக்கும் தட்டில் வைத்தேன், அதன் வெளிச்சம்கூட உள்ளே ஆகாது. சிவப்பு விளக்கைப் போட்டேன். உள்ளே போய்க் கதவைச் சாத்தித் திரைச்சீலையை இழுத்துவிட்டேன். குஞ்சைக் கண்ணாடித் தட்டில் படுக்க வைத்து லேசரை முடுக்கினேன். ஙீ... என்று கண்ணாடி பாட ஆரம்பித்தது.

இதயம் தெரிந்தது. அவ்வளவு சின்ன உயிர். நிற்காமல் துடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. துடைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தேன்.

பச்சைக் கோடு நேராக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் கதவு தட்டும் சத்தம்.

டொக்.

டொக்.

யாரோ மாணவர்கள், அறை மூலையில் இருக்கும் ஃப்ரிட்ஜில் வைத்ததை எடுக்க வந்திருப்பார்கள் என்று நினைத்தேன். விடுமுறை நாளிலும் சிலருக்கு வீடு தங்காது.

"இருங்க" என்றேன். கருவியின் கண்ணை மூடினேன். க்ளிக்.

"வாங்க."

எனக்குப் பின்னால் திரைச்சீலை விலகும் சத்தம். சரக்.

மறுபடி... சரக்.

இரண்டு பேர். சரி. கருவியின் கண்ணைத் திறந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. வால்வு அப்போதுதான் அழகாக மூட ஆரம்பித்திருந்தது.

"ஃப்ரிட்ஜ் கதவை மெதுவா மூடுங்க" என்றேன்.

ஃப்ரிட்ஜ் திறக்கும் சத்தம் கேட்கவில்லை. திரைச்சீலை விலகியபோது வழக்கமாக விழும் வெளிச்சக் கீற்று சுவரில் விழவில்லை என்பதை நான் அப்போது யோசிக்கவே இல்லை.

படம் ஆடியது.

பச்சைக் கோடு மேலே எம்பியது. இறங்கியது. எம்பியது. மீன் இதயத்தின் வேகம் இல்லை. அதைவிட மெதுவாக. மனிதத் துடிப்பு.

ஒன்று... இரண்டு... மூன்று...

நாலாவது வரவில்லை.

ஒன்று... இரண்டு... மூன்று...

என் வாய் தானாகவே சொன்னது.

"கையை எடுங்க, அண்ணா."

கோடு நேரானது.

நான் தொடர்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. சில நொடிகள் இருக்கும். ஏதோ ஒன்று குறைகிற மாதிரி இருந்தது. என்ன குறைகிறது?

'எடுத்தாச்சு.'

அதுதான் வரவில்லை.

அப்போதுதான் உறைத்தது. அண்ணா ஆஸ்பத்திரியில் இருக்கிறார்.

என் இரண்டு கைகளையும் பார்த்தேன். மடியில் இருந்தன. நாற்காலி மேசையைத் தொடவில்லை. எதிர்ப்பக்கம் நிமிர்ந்து பார்த்தேன். இருட்டு. கம்ப்யூட்டர் திரையின் மங்கிய வெளிச்சத்தில் மேசையின் விளிம்பு மட்டும் தெரிந்தது. அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை.

கோடு நேராகவே ஓடியது.

நேர்கோடு.

ஆஸ்பத்திரித் திரைகளில் நேர்கோடு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும். நான் கையை எடுக்கச் சொன்னேன். அவர் எடுத்துவிட்டார்.

"அண்ணா?"

ஙீ...

"அண்ணா, தெரியாம சொல்லிட்டேன். கையை வைங்க."

நேர்கோடு.

"திரும்ப வைங்க. தயவுசெஞ்சு வைங்க."

நேர்கோடு.

எழுந்து ஓட வேண்டும் என்று தோன்றியது. ஓடவில்லை. நான் வெளியே போனால் அவரும் போய்விடுவார் என்று பட்டது. ஏன் அப்படிப் பட்டது என்று கேட்காதீர்கள்.

"போகாதீங்க, அண்ணா. பாப்பா இருக்கா. இங்கயே இருங்க. எங்கயும் போகாதீங்க."

ஒன்றும் இல்லை.

"கையை வைங்க..."

படம் ஆடியது.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

நாலு. ஐந்து. ஆறு...

நிற்கவில்லை. அடுத்தடுத்து வந்துகொண்டே இருந்தது. நான் சத்தமாக அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன். வேறு எதையும் நான் அப்போது கவனிக்கவில்லை.

வெளியே ஓடி வந்து செல்போனை எடுத்தேன். அண்ணி பல தடவை கூப்பிட்டிருந்தாள். திரும்பக் கூப்பிட்டேன். அழுதுகொண்டே சொன்னாள்.

"நின்னுடுச்சுடி... அவ்ளோதான்னு சொல்லிட்டாங்க... அப்புறம் வந்துடுச்சு. தானாவே வந்துடுச்சு."

"எப்ப?"

"இப்பதான். மூணே கால் இருக்கும்."

வீடியோவில் கோடு நேரான நேரம் மூன்று பதினான்கு.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் பிழைத்துவிட்டார். அது போதும் எனக்கு. பேயோ பிசாசோ, என் அண்ணன் என்னிடம் வந்தார், நான் கூப்பிட்டேன், திரும்பிப் போனார் என்று எடுத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

கதவைத் தட்டியது யார் என்று மட்டும் காவலாளியிடம் கேட்டேன். அவர் வராந்தா கேமராவை ஓட்டிக் காட்டினார். நான் உள்ளே போகிறேன். சிவப்பு விளக்கு எரிகிறது. நான் அலறியடித்துக்கொண்டு வெளியே வருகிறேன். நடுவில் யாரும் வரவில்லை. கதவு திறக்கவே இல்லை.

"யாருமே வரலியேம்மா" என்றார்.

நான் தலையாட்டினேன். எனக்குத்தான் காரணம் தெரியுமே என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணா வேகமாகத் தேறினார். மூன்று வாரத்தில் வீடு. இதயத்தில் இப்போது கோளாறே இல்லை என்று டாக்டரே ஆச்சரியப்பட்டாராம். அந்த நாலாவது துடிப்பு விடுபடுவதுகூட நின்றுவிட்டதாம். நான் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். பாப்பா அவர் பக்கத்தில் உட்காராமல் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள்.

அண்ணி என்னைச் சமையலறைக்குக் கூட்டிப் போனாள். குரலைத் தாழ்த்தினாள்.

"நல்லாத்தான் இருக்கார். ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனா..."

"ஆனா?"

"இருபது வருஷமா அவர் நெஞ்சுல தலை வச்சுத்தான் தூங்குறேன். இப்ப முடியல."

"ஏன் அண்ணி?"

"அது அவர் துடிப்பு இல்ல."

நான் அவளைத் தேற்றினேன். உடம்பு சரியானால் துடிப்பும் மாறும் என்றேன். ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் காலை அந்த வீடியோவை எடுத்து, முதல் முறையாக, முழுவதும் மெதுவாக ஓட்டிப் பார்த்தேன்.

மூன்று துடிப்பு, ஒரு இடைவெளி. கோடு மேலே எம்புகிறது. எதிர்ப்பக்கத்துக் கை. அது அண்ணா.

பிறகு நேர்கோடு.

பிறகு இரண்டாவது நாடி. ஒழுங்கான துடிப்பு. விடுபடாத துடிப்பு.

அது மேலே எம்பவில்லை. கீழே இறங்குகிறது.

அந்தக் கை வைக்கப்பட்டது என் பக்கத்திலிருந்து. நான் அழுதுகொண்டிருந்த இடத்துக்குப் பக்கத்திலிருந்து.

இரண்டு மாதம் கழித்து அவர் வேலைக்குத் திரும்பினார். எல்லோரும் கை தட்டி வரவேற்றோம். திருப்புளி சட்டைப் பையில்தான் இருந்தது. மத்தியானம் நான் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது கதவு தட்டும் சத்தம். ஒரு தட்டு. "வாங்க" என்றேன். வந்தார். எதிர்ப்பக்கம் போகவில்லை. என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்று, மேசையில் கைகளை ஊன்றினார்.

கோடு கீழே இறங்கியது. ஒன்று. இரண்டு. மூன்று. நாலு.

ஆறு வருஷப் பழக்கம். சொல்லிவிட்டேன்.

"கையை எடுங்க, அண்ணா."

அவர் எடுக்கவில்லை. என் காதருகே குனிந்தார்.

"எதுக்கு?" என்றார். "நீதானே வைக்கச் சொன்ன?"

அந்த இருட்டறையில் நான் பேசியதை நான் அதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

இன்றும் அவர் எங்களோடு வேலை பார்க்கிறார். யாரிடமும் கோபப்பட்டதில்லை. பாப்பாவைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுகிறார். வேறு யாரிடம் கேட்டாலும் நல்ல மனிதர் என்றுதான் சொல்வார்கள். நான்தான் அவரோடு லிஃப்டில் தனியாக ஏறுவதில்லை.

அன்று கதவில் எத்தனை தட்டு என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இரண்டு. ஆளுக்கு ஒரு தட்டு. நான்தான் "வாங்க" என்றேன். நான் கேட்டதும் இரண்டே விஷயம்தான். கையை வைங்க என்றேன். இங்கேயே இருங்க என்றேன்.

போன வாரம் அவர் விடுப்பில் இருந்தார். அறையில் நான் மட்டும். யாரும் கதவைத் தட்டவில்லை. மேசையில் யார் கையும் இல்லை. படம் லேசாக ஆடியது. கோடு மேலே எம்பியது. எதிர்ப்பக்கம்.

ஒன்று... இரண்டு... மூன்று...

நாலாவது வரவில்லை.

படம் கெட்டுப்போனது. நான் கையை எடுக்கச் சொல்லவில்லை. இனி சொல்லவும் மாட்டேன்.